அயறும் ஆய்வுகூடமும்: யாழ்ப்பாணத்தில் உண்ணிக்காய்ச்சல் பெயர்பெற்ற வரலாறு

மிளகைவிடச் சற்றுப் பெரியது. நடுவே கறுத்து, சுருட்டு நெருப்புச் சுட்ட இடம்போல் காய்ந்து, ஓரம் மட்டும் மெல்லச் சிவந்திருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னால் ஓர் அயறு. வலிக்காது, சொறியாது, அதனால் அது இருப்பது அதைச் சுமப்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. அக்குளில் இருக்கும், தொடை இடுக்கில் இருக்கும், சாரமோ பாவாடையோ இறுக்கிக் கட்டும் இடுப்பு மடிப்பில் இருக்கும், மார்பின் கீழ் இருக்கும், காதுமடலுக்குப் பின்னாலும் இருக்கும். ஒரு கிழமையாகக் காய்ச்சல் விடாத ஒருவரின் உடம்பில் இதைக் கண்டுவிட்டால், வடக்கில் பணிபுரியும் மருத்துவர் மேற்கொண்டு அதிகம் யோசிப்பதில்லை. உண்ணிக்காய்ச்சல் என்று எழுதி டொக்சிசைக்கிளின் தொடங்கிவிடுவார். காணாவிட்டால்தான் கதை நீளும்.

அந்த நீண்ட கதை இங்கே ஆராயப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பெரிய காய்ச்சல் இருந்தது. ஒருகாலத்தில் நெருப்புக்காய்ச்சல், பிறகு மலேரியா, இன்று டெங்கு. ஊருக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அந்தப் பெரியதன் பெயரே சூட்டப்பட்டது. அதன் நிழலில் நின்ற சிறிய காய்ச்சல்கள் தமக்கென ஒரு பெயரைப் பெறுவதற்கு நோயின் இயல்பு மட்டும் போதவில்லை. எந்த மருந்து புழக்கத்தில் இருந்தது, ஆய்வுகூடம் எந்த ஊரில் இருந்தது, அங்கே போகும் பாதை திறந்திருந்ததா என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன.

பூச்சிக்கடியால் வரும் நோயைச் சரியாக இனங்காண்பது வசதி படைத்த நாடுகளிலும் எளிதாக இருந்ததில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரையும் அதன் அயலையும் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு 1970களில் முழங்கால் வீங்கியது. சிறுவர் மூட்டுவாதம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே சொல்லப்பட்டது. இவ்வளவு அரிதான நோய் ஒரே ஊரில் இத்தனை வீடுகளுக்கு எப்படி வரும் என்று 1975இல் கேள்வி எழுப்பியவர்கள் பொலி மறேயைப் போன்ற தாய்மார்தான். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ஸ்டியர் அதை ஆராய்ந்து, புதிய நோயொன்று என 1977இல் எழுதினார். கிருமி அகப்பட்டதோ தற்செயலாக. வில்லி பர்க்டோர்ஃபர் 1981இல் நியூயோர்க் பகுதி உண்ணிகளின் குடலைத் திறந்து பார்த்தது வேறொரு கிருமிக்காக. டைபஸ் குடும்பத்து ரிக்கெற்சியாவைத் தேடிப் போனவருக்குச் சுருள்வடிவப் பற்றீரியா தென்பட்டது.

பெயர் கிடைத்த பின்னும் சிக்கல் தீரவில்லை. கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவந்த வளையம் நோயாளிகளில் ஏறக்குறைய 70 முதல் 80 வீதமானோருக்குத்தான் தோன்றும். மற்றவர்கள் குருதிப் பரிசோதனையை நம்பவேண்டும். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. பிறபொருளெதிரி திரளச் சில கிழமைகள் பிடிக்கும். ஆகவே மருந்து மிக நன்றாக வேலை செய்யக்கூடிய முதல் நாட்களில் பரிசோதனை ‘இல்லை’ என்கிறது. நோய் மாறிப் பல மாதங்கள் ஆன பிறகும் ‘உண்டு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

லைம் நோய் வடகோளத்துக் குளிர்க்காடுகளுக்கு உரியது, யாழ்ப்பாணத்துக்குரியது அன்று. ஆனால் அதற்கு இங்கே இரண்டு உறவினர்கள் இருக்கிறார்கள். கிருமியின் உருவத்தால் உறவு கொண்டது எலிக்காய்ச்சல்: லெப்டோஸ்பைராவும் லைம் கிருமியைப்போல் ஒரு சுருளி. கடித்த இடத்தில் அடையாளம் விட்டுப்போகும் வழக்கத்தால் உறவு கொண்டது உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்கிரப் டைபஸ். வேடிக்கை என்னவென்றால், மூன்றையும் குணப்படுத்துவது ஒரே மலிவான மாத்திரை, டொக்சிசைக்கிளின். மருந்து கையில் இருந்தும் எந்த நோய் என்று தெரியாமல் ஆட்கள் சாவதுதான் இந்த வரலாற்றின் உறுத்தல்.

காய்ச்சலைப் பெயர்வைத்துப் பிரிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துப் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் சுரங்களை வாத பித்த கபத்தின் வழியாக வகுத்தன. 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் பயின்று வெளிவந்த வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடி அவர் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது. இங்கே வேண்டியது ஒன்றுதான்: அவர் காலத்தில் காய்ச்சல் என்றால் அதன் போக்கைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும். எத்தனை நாள், எந்த நேரம் ஏறுகிறது, குளிர் உண்டா, நாக்கு எப்படி, புலம்பல் உண்டா என்பவையே சான்று.

விடாமல் இரண்டு மூன்று கிழமை எரிக்கும் காய்ச்சலுக்கு ஈழத்தமிழ் வைத்த பெயர் நெருப்புக்காய்ச்சல். ஆங்கில மருத்துவம் டைபாய்டு என்று சொல்வதற்கு இன்றும் அதுவே பெயர். டைபாய்டு என்ற சொல்லே ‘டைபஸ் போன்றது’ என்ற பொருளுடையது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் உறுதியாகப் பிரித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆழமில்லாத கிணறும் அதற்குச் சில பாகம் தள்ளி மலக்குழியும் அமைந்த குடாநாட்டில் நெருப்புக்காய்ச்சலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எனவே நீண்ட காய்ச்சல் எதுவானாலும் அந்தப் பெயர் இலகுவாக ஒட்டிக்கொண்டது. பற்றைக்குள் இருந்து வந்த காய்ச்சல் எத்தனை முறை அந்தப் பெயரில் போயிருக்கும் என்று இன்று எண்ணிச் சொல்ல வழியில்லை.

ஸ்கிரப் டைபஸ் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று யப்பானைச் சேர்ந்தது. நீகாட்டாப் பகுதி ஆற்றங்கரை விவசாயிகளைக் கொன்ற காய்ச்சலைப் பற்றி ஹாசிமோட்டோ என்ற மருத்துவர் 1810இல் எழுதினார். சுட்சுகாமுசி என்ற யப்பானியப் பெயரில் ‘முசி’ என்றால் பூச்சி. கிருமி இன்னதென்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே அந்த விவசாயிகள் பூச்சியைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள்.

தமிழில் வழங்கும் ‘உண்ணி’ பாதிதான் சரி. மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கொண்டு குருதி குடித்துக் கொழுக்கும் உண்ணிக்கு இந்நோயில் பங்கில்லை. “நாய் வளர்க்கிறீங்களோ? மாடு இருக்கோ?” என்று கேட்டு இல்லையென்ற பதிலோடு நிறுத்திவிட்டால் விசாரணை வழிதவறிவிடும். உண்மையான குற்றவாளி, மழை விட்டதும் மணலில் சிவப்பு வெல்வெட் துண்டுபோல் ஊருமே, பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் பிடித்துவைக்கும் அந்தத் தம்பலப்பூச்சியின் தூரத்து உறவான சிற்றுண்ணி. அதன் குஞ்சுப்பருவம் ஆறு கால்களோடு ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு பருமனில், வெறுங்கண்ணுக்குத் தூசிபோல் இருக்கும். புல் நுனியில் காத்திருந்து எலியோ மனிதனோ போகும்போது ஏறிக்கொள்ளும். துணி இறுகும் இடத்தில் தங்கி, தோலின் திசுவைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சிவிட்டு, இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறைதான் கடிக்கும். கிருமி அதற்குத் தாய்வழிச் சீதனமாகவே வந்திருக்கும். காய்ச்சல் தொடங்குவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அப்போது கடித்தது எது, எங்கே கடித்தது என்று யாருக்கு ஞாபகம்?

இந்த நோய்க்கான முதல் குருதிப் பரிசோதனை பிறந்த கதை ஒரு தவறின் கதை. எட்மண்ட் வைல், ஆர்தர் பீலிக்ஸ் இருவரும் 1915இல் டைபஸ் நோயாளி ஒருவரின் சிறுநீரில் புரோட்டியஸ் என்ற சாதாரணப் பற்றீரியாவைக் கண்டார்கள். டைபஸுக்குக் காரணம் அதுவன்று. ஆனால் டைபஸ் நோயாளியின் குருதிநீரில் அதைக் கலந்தால் கட்டிகட்டியாகத் திரண்டது. காரணம் புரியாமலே பரிசோதனை உலகெங்கும் பரவியது. (எலிக்காய்ச்சலின் கடுமையான வடிவத்துக்குப் பெயர்தந்த அடோல்ஃப் வைல் வேறொருவர். இரண்டு வைல்களையும் குழப்பாத மருத்துவ மாணவர் அபூர்வம்.)

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்லியம் பிளெச்சரும் லெஸ்லரும் அதே பரிசோதனையை மலாயா நோயாளிகளிடம் செய்துபார்த்தபோது விசித்திரம் ஒன்று நிகழ்ந்தது. நகரக் கடைத்தெருவில் டைபஸ் கண்டவர்களின் குருதிநீர் ஒரு புரோட்டியஸ் வகையைத் திரட்டியது. தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வேலை செய்து நோயுற்றவர்களின் குருதிநீரோ அதைத் தொடவில்லை. அது திரட்டியது, விடுமுறையில் இங்கிலாந்து சென்ற கிங்ஸ்பரி என்ற சக மருத்துவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த கிருமியை. அவர் கொண்டுவந்ததும் அதே வகை என்றுதான் நம்பப்பட்டது. இடையில் எப்படியோ குணம் மாறியிருந்தது. அந்தப் பிசகால்தான் மலாயாவில் இரண்டு டைபஸ்கள் இருக்கின்றன என்பது வெளிவந்தது. ‘ஓஎக்ஸ்-கே’ என்ற பெயரின் ‘கே’ கிங்ஸ்பரியைக் குறிப்பது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் றெயில்வேயிலும் நில அளவையிலும் எழுதுவினைஞர் வேலை பார்க்கக் கப்பலேறிய மலாயா இதுதான்.

இலங்கையில் இந்நோயை எழுத்தில் பதிந்தவர் கொழும்பைச் சேர்ந்த லூசியஸ் நிக்கல்ஸ். சிற்றுண்ணியால் வந்த டைபஸ் நோயாளி ஒருவரைப் பற்றி அவர் 1940இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். 1927இல் டெனி என்பவரோடு சேர்ந்து இந்நாட்டின் முதல் மெலியோய்டோசிஸ் நோயாளியைப் பதிந்தவரும் அவரே. அந்த நோயும் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டு, அண்மையில்தான் மீண்டும் கவனம் பெற்றது. நிக்கல்ஸ் கண்ணில் பட்டவை மற்றவர்கள் கண்ணில் இத்தனை காலம் படாமல் போனது யோசிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் எம்பிலிப்பிட்டிப் பகுதியில் காட்டுப்போர்ப் பயிற்சிக்கு வந்த படையினர் நூற்றுக்கணக்கில் இக்காய்ச்சலில் விழுந்தபோது பிரித்தானிய இராணுவ மருத்துவம் விழித்துக்கொண்டது. போர் முடிந்து படைகள் கப்பலேறின. கவனமும் அவர்களோடு கப்பலேறியது.

அடுத்த திருப்பமும் மலாயாவில்தான். குளோரம்பெனிகோல் என்ற புதிய மருந்தை ஸ்கிரப் டைபஸுக்குச் சோதிக்க ஜோசப் ஸ்மடெல் தலைமையிலான அமெரிக்கக் குழு 1948இல் கோலாலம்பூருக்கு வந்தது. மருந்து மாயம்போல் கேட்டது. ஸ்கிரப் டைபஸ் என நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது பிறகு தெரியவந்தது, அவர்களும் தேறியிருந்தார்கள். நெருப்புக்காய்ச்சலுக்கு உலகம் பெற்ற முதல் பயனுள்ள மருந்து, நோயைத் தவறாகக் கணித்ததால் அகப்பட்டது.

இந்த நிகழ்வின் மறுபக்கத்தைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் தெற்காசியா முழுவதும் நெருப்புக்காய்ச்சலுக்குக் குளோரம்பெனிகோல்தான் கொடுக்கப்பட்டது. நெருப்புக்காய்ச்சல் என்ற பெயரில் படுத்திருந்தவருக்கு உண்மையில் ஸ்கிரப் டைபஸ் என்றாலும் அதே மருந்தில் எழுந்து நடந்திருப்பார். மருத்துவர் கணித்ததும் சரியாகவே தோன்றியிருக்கும். பிறகு டைபாய்டுக் கிருமி குளோரம்பெனிகோலுக்கு எதிர்ப்பு வளர்த்தது. எலும்பு மச்சையைப் பாதிக்கும் பக்கவிளைவும் பயமுறுத்தியது. மருத்துவர்கள் செப்ட்ரையக்சோன் போன்ற ஊசிகளுக்கு மாறினார்கள். அவை டைபாய்டைக் கொல்லும். உயிருள்ள கலத்துக்குள் ஒளிந்து வாழும் ஸ்கிரப் டைபஸ் கிருமியைத் தொடவும் மாட்டா. ஊசி ஐந்து நாள் போயும் காய்ச்சல் இறங்காத நோயாளிகள் விடுதிகளில் தேங்கத் தொடங்கினார்கள். 2000க்குப் பின் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்நோய் ‘மீண்டும் தலைதூக்கியது’ என்று எழுதப்படுவதில், உண்மையாகவே பெருகியது ஒரு பங்கு, இதுவரை மூடியிருந்த மருந்துப் போர்வை விலகியது இன்னொரு பங்கு எனக் கொள்வதே பொருத்தம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2001 ஒக்டோபர் முதல் 2002 பெப்ரவரி வரை, அதாவது மழையும் அதையொட்டிய குளிரும் நிலவிய மாதங்களில், 28 பேருக்கு இந்நோய் உறுதியாகி 2003இல் கட்டுரையாக வந்தது. அதே 2003இல் குலரத்ன தலைமையிலான குழு இலங்கை மலைநாட்டு ரிக்கெற்சியா நோய்களைப் பற்றி எழுதியது. களனி மருத்துவ பீடத்தின் பிரேமரத்ன குழு மேல் மாகாண நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, காது திடீரென மந்தமாவதும் இதன் விளைவாகலாம் என்று 2006இல் காட்டியது.

அதே காலத்தில் யாழ்ப்பாணம் எங்கே இருந்தது?

1978இல் மருத்துவ பீடம் திறந்த ஊர். போதனா வைத்தியசாலைக்கு 1850இலிருந்து வரலாறு உண்டு. ஆளும் அறிவும் குறைவில்லை. குறைந்தவை மின்சாரமும் பாதையும். 1990க்குப் பின் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டது. உலர் மின்கலமும் மண்ணெண்ணெயும் மருந்தும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயின. ஏ9 பாதை 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது, போர் முடிந்த 2009இல் திரும்பத் திறந்தது. குருதிநீரைக் குளிராக வைத்துக் கொழும்புக்கு அனுப்பி, இரண்டு கிழமை கழித்து அதே நோயாளியின் இரண்டாவது மாதிரியையும் அனுப்பி ஒப்பிட வேண்டிய பரிசோதனை இத்தகைய ஊரில் எப்படி நடக்கும்? நுணுக்குக்காட்டியும் சாயமும் இருந்தால் செய்யக்கூடியது மலேரியாப் பரிசோதனை ஒன்றுதான். அதற்கேற்ப, 1990களின் பெரிய காய்ச்சல் மலேரியாவாக இருந்தது. இடப்பெயர்வு முகாம்களில் அது பரவியதும் மெய். பரிசோதிக்கக்கூடியது அது மட்டுமே என்பதும் மெய்.

2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. ஆனால் பெரிய காய்ச்சலின் இருக்கை காலியாகக் கிடக்கவில்லை. பாதை திறந்ததோடு போக்குவரத்தும் நுளம்பும் பெருகி, டெங்கு அதில் அமர்ந்துவிட்டது. ஒவ்வொரு மார்கழி, தை மாதங்களிலும் விடுதிகள் டெங்கு நோயாளிகளால் நிரம்புகின்றன. குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை குறைந்த எவரும் முதலில் டெங்குப் பட்டியலுக்குள் போவார். எலிக்காய்ச்சலிலும் உண்ணிக்காய்ச்சலிலும் அதே எண்ணிக்கை குறையும் என்பது பிறகே நினைவுக்கு வரும்.

நிலமும் மாறியிருந்தது. மலாயாவிலும் பர்மா எல்லையிலும் சிற்றுண்ணிகளை ஆராய்ந்த ரால்ஃப் ஓடி, ஸ்கிரப் டைபஸை மனிதன் தானே உண்டாக்கிக்கொள்ளும் நோய் என்று கருதினார். மூத்த காட்டில் அது குறைவு. வெட்டித் திருத்திப் பயிரிட்டு, பிறகு கைவிட்ட நிலத்தில் புல்லும் பற்றையும் எலியும் பெருகும்போது சிற்றுண்ணியும் பெருகும். வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட செம்மண் தோட்டங்களை நினைத்தால் ஓடியின் கருத்து சட்டென விளங்கும். வெங்காயமும் புகையிலையும் விளைந்த நிலம், கூரை இழந்த வீடுகள், தூர்ந்த கிணறுகள். எல்லாவற்றின் மேலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பற்றை. காணி விடுவிக்கப்பட்ட பின் ஊருக்குத் திரும்பியவர்களுக்கு முதல் வேலை கத்தியோடு அந்தப் பற்றைக்குள் இறங்குவதுதான். அந்த வேலையையும் இந்த நோயையும் நேராக முடிச்சுப்போட விரிவான கள ஆய்வு வேண்டும், ஆனால் காய்ச்சலோடு வருபவரிடம் “அண்மையில் வளவு துப்புரவாக்கினீங்களோ?” என்று கேட்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

பிரதீபன், கேதீசன், முருகானந்தன் ஆகியோர் வடபகுதி உண்ணிக்காய்ச்சல் பற்றி 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் பின்னணி தெளிவானது: குருதிநீர் வழியாகவோ மூலக்கூறு வழியாகவோ நோயை உறுதிசெய்யும் வசதி வடக்கில் இல்லாததால், மருத்துவர்கள் அயறு உள்ளிட்ட உடற்குறிகளை வைத்தே நோயைப் பிரித்து மருந்து தொடங்கிவந்தார்கள். அந்தக் கணிப்பு எவ்வளவு சரி என்பதை ஒளிர்வு நுணுக்குக்காட்டிப் பரிசோதனையால் சரிபார்ப்பது ஆய்வின் நோக்கம். ஆய்வுகூடம் இல்லாத ஊரின் கைப்பழக்கத்தை ஆய்வுகூடத்தின் முன் நிறுத்திப் பார்த்தார்கள்.

ஆனால் அயறையே முழுதாக நம்பவும் முடியாது. வேலூரில் நானூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த ஆய்வொன்றில் பாதிக்கும் குறைவானவர்களிடமே அது தென்பட்டது. பெண்களுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும், ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பிலும் அது கூடுதல் என்பதும் அங்கே கண்டது. இதன் நடைமுறைப் பொருளை, கட்டிலுக்கொருவர், நிலத்தில் பாய்க்கொருவர் என்று நிரம்பிய ஒரு விடுதியில் வைத்து யோசித்துப் பார்க்கலாம். அம்பத்தைந்து வயது அம்மா ஒருவர். தலையிடி, காய்ச்சல், இருமல். பார்க்க வந்தவர் மகன் வயதுடைய பயிற்சி மருத்துவர். மறைப்புத்திரை ஒன்றுதான், அது விடுதியின் மற்றக் கோடியில் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கு மருமகளின் உறவினர்கள் வந்திருக்கிறார்கள். “வேற எங்கேயும் புண் ஏதும் இருக்கோ அம்மா?” என்று கேட்டால் “இல்லைத் தம்பி” என்ற பதில்தான் வரும். பொய்யில்லை, அவருக்குத் தெரியாது. தாதியைக் கூப்பிட்டு, திரையை இழுத்து, சட்டையைத் தளர்த்தச் சொல்லி, டோர்ச் வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பார்த்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு நிகரான பரிசோதனைக் கருவி எதையும் இன்றுவரை யாரும் யாழ்ப்பாணத்தில் இறக்கவில்லை. மாநிறத் தோலில், வியர்வையில் ஊறிய மடிப்பில் இருக்கும் அயறு கறுப்பாகவும் இராது. ஈரமான சிறு மஞ்சட் புண்ணாகத் தெரியும். பாடநூல் படத்தை மனதில் வைத்துத் தேடுபவர் அதையும் தாண்டிப் போய்விடுவார்.

குருதியை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்ப்பது பயன்படாது. உயிருள்ள கலம் இன்றி இக்கிருமி வளராது. வைல் பீலிக்ஸ் பரிசோதனை மலிவு, ஆனால் பலரைத் தவறவிடும். பிறபொருளெதிரி தேடும் எலைசா பரிசோதனையும் விரைவுப் பட்டையும் சிறந்தவை. என்றாலும் முதற்கிழமையில் வெறுமை காட்டக்கூடும். நோய் அடிக்கடி உலவும் ஊரில் நலமாக உள்ளவரிடமும் பழைய பிறபொருளெதிரி இருக்கும் என்பதால் எந்த அளவுக்கு மேல் ‘உண்டு’ எனக் கொள்வது என்பதை ஊருக்கு ஊர் வகுக்கவேண்டும். லைம் நோயாளிகளை அலைக்கழித்த அதே இடைவெளிதான் இங்கும். அயறின் ஒரு துணுக்கை எடுத்துப் பிசிஆர் செய்தால் முதல் நாட்களிலேயே விடை கிடைக்கும். அதற்கு முதலில் அயறு கிடைக்கவேண்டும்.

இத்தனைக்கும் தாமதம் பொறுக்காத நோய் இது. மருந்து கொடுக்காதபோது இறப்பு ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபட்டாலும், பழைய பதிவுகளைத் தொகுத்த ஆய்வு இடைநிலை அளவை ஏறக்குறைய 6 வீதமெனக் கணித்தது. நுரையீரல் நீர்கோத்தல், சிறுநீரகம் செயலிழத்தல், மூளைக்காய்ச்சல் எனப் போகலாம். இந்தியாவின் ஏழு மையங்களில் 794 நோயாளிகளைச் சேர்த்து 2023இல் வெளியான ஆய்வு, கடுமையான நிலையில் டொக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் ஒன்றாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று காட்டியது.

2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலை ஒட்டிய மழை குடாநாட்டை வெள்ளத்தில் நிறுத்தியது. டிசம்பர் முற்பகுதியில் வடமராட்சியிலிருந்து காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். சில நாட்களுக்குள் குறைந்தது ஏழு பேர். செய்தித்தாள்கள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று தலைப்பிட்டன. கொழும்புக்குப் போன மாதிரிகள் எலிக்காய்ச்சல் என்று பெயர் சொல்லித் திரும்பின. 2008இல் நாடளாவி ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தாக்கி இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்ற நோய்தான் அது. தென்னிலங்கை நெல்வயல்களின் நோய் என்று யாழ்ப்பாணம் அதை ஒதுக்கிவைத்திருந்தது. விவசாயிகளுக்கும் சேற்றில் இறங்குவோருக்கும் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் கொடுக்கும் வேலையைச் சுகாதாரத் துறை முடுக்கியது. அந்த மார்கழியில், எலிக்காய்ச்சலுக்கென்று விழுங்கிய அதே மாத்திரை, அயறு பார்க்கப்படாத எத்தனை உண்ணிக்காய்ச்சல்களைப் பெயரில்லாமலே அடக்கியிருக்கும் என்ற கேள்வி, குளோரம்பெனிகோல் காலத்தை நினைவூட்டுகிறது.

பெரும்பாலான விடுதிகளில் இப்போது நடப்பது இதுதான். டெங்குவுக்கு ஒரு குழாய், எலிக்காய்ச்சலுக்கு ஒன்று, டைபஸுக்கு ஒன்று எனக் குருதி எடுக்கப்படுகிறது. முதல் வேளை டொக்சிசைக்கிளின் அன்றிரவே கொடுக்கப்படுகிறது. உண்ணிக்காய்ச்சல் என்றால் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். மூன்றாம் நாள் அம்மா இடியப்பமும் சொதியும் கேட்பார். ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். கொழும்பிலிருந்து முடிவுத்தாள் வந்து சேரும்போது கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். அம்மா, தை பிறக்கமுன் முடித்துவிடவேண்டுமென்று, பாதியில் விட்ட வேலிக்கரைப் பற்றையை மறுபடி வெட்டத் தொடங்கியிருப்பார்.